பொள்ளல்

பெண்டிகோ.
முதல் தடவை போனில் சொன்னபோது
ஏதோ ஒரு பெண்டின் பேர் என்று
அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
ஊராம்.
தங்கம் தோண்டிய ஊராம்.
களஞ்சியம் என்று பேர் வைத்த ஆளுக்கு
வேறு எங்கே வேலை கிடைக்கும்.

ஆனால் தங்கத்தை அள்ளி முடித்து
ரொம்பக் காலம் ஆயிற்றாம்.
இப்போது திராட்சை.
மாசி பங்குனியில் ராத்திரியெல்லாம் லாரி.
வெயில் ஏறுமுன்னே பழம் ஆலைக்குள் போய்விட வேண்டும்.
கங்காரு குறுக்கே பாய்ந்தால்
பிரேக்கை மிதிக்கலாம், ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது.
இதையெல்லாம் எனக்கு எதற்குச் சொல்கிறீர்கள், மச்சான்,
நான் வேதாளையில்
நண்டுக் கம்பெனியில் எடை போடுகிறவள்.

இங்கே அஸர் பாங்கு சொல்லும்போது
அங்கே இஷாவும் தொழுது முடித்திருப்பீர்கள்.
ஐந்தரை மணி நேரம் முன்னால் போய்விட்ட புருசன்.
ஒருநாள் அந்த நேரத்தில்தான் கேட்டீர்கள்,
குரலைத் தாழ்த்தி,
பக்கத்தில் ஹஜ்ரத் இருப்பது போல:
மது ஆலைக்குப் பழம் ஏற்றுவது
கூடுமா, கூடாதா?

எனக்கு என்ன தெரியும்.
சாயல்குடிப் பக்கம் பால்வண்ணன் பனை ஏறுகிறார்.
கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால்
விடியும்போது பதநீர்.
தடவ மறந்தால் கள்.
பாளை ஒன்றுதான், சொட்டு ஒன்றுதான்.
பனையைப் போய் யாராவது
கூடுமா என்று கேட்கிறார்களா?

அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று
நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியும்.
உங்கள் வாப்பா வள்ளத்தில் கடப்பாரையோடு போய்
இடுப்பளவு தண்ணீரில் நின்று
பார்க்கல்லைப் பெயர்த்தார்.
பாதி காளவாசலுக்கு.
பாதி இந்த வீட்டுக்கு.
அரசாங்கம் வேண்டாம் என்ற பிறகும்
நிலா இல்லாத ராத்திரிகளில் கொஞ்சம்.

போன வாரம் படம் அனுப்பினீர்கள்.
நீங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்னால்,
துணி காயப்போடும் கம்பத்தின் அடியில்,
ஒரு அண்டா அளவுக்குக் குழி.
ஊருக்குக் கீழே முழுக்கச் சுரங்கமாம்,
நூறு வருசத்துக்கு முந்தியதாம்,
எந்தத் தெருவுக்குக் கீழே எது ஓடுகிறது என்று
முனிசிபாலிட்டியிடமே முழுக் கணக்கு இல்லையாம்.
கல் போட்டுப் பார்த்தீர்களாம்.
விழுந்த சத்தம் வரவில்லை என்று
சிரிக்கும் பொம்மை போட்டிருந்தீர்கள்.

நான் சிரிக்கவில்லை.
எழுந்து போய்
அறைச் சுவரில் காரை உதிர்ந்த இடத்தைப் பார்த்தேன்.
உள்ளே கல்லில்
பூப் பூவாகக் கண்கள்.
ஐப்பசி மழைக்கு இந்தச் சுவர் வியர்க்கும்,
விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும்.
இதைப் பெயர்த்த தீவு
இப்போது வற்றுத் தண்ணீரிலும் தலைகாட்டுவதில்லை.
மேலே வள்ளம் போகிறது. வலை மட்டும்
எப்போதாவது எதிலோ மாட்டிக் கிழிகிறது.

உங்கள் ஊரில் பள்ளம் அங்கேயே இருக்கிறது,
எடுத்தது எங்கோ போய்விட்டது.
நம் ஊரில் எடுத்தது
என் தலைமாட்டில் நிற்கிறது.

விசா பாரம் வந்துவிட்டது.
பதினேழு பக்கம்.
சொந்த வீடா என்று ஒரு கேள்வி.
ஆம் என்று எழுதி, அடித்து,
மறுபடி ஆம் என்று எழுதியிருக்கிறேன்.
வருவேன், மச்சான்.
வரமாட்டேன் என்று எங்கே சொன்னேன்.

குழியை மூடிவிட்டார்கள் என்று
நேற்றுச் சொன்னீர்கள், நிம்மதியாக.
எதைப் போட்டு மூடினார்கள்?
கேட்டுச் சொல்லுங்கள்.
கல் என்றால்
எங்கே தோண்டிய கல் என்றும்.